குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அதைத் திரும்பப் பெறுவது எப்படி: மலையகத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீதவான் நீதிமன்றத்தின் கூண்டில் நிற்பவரிடம் குற்றச்சாட்டை வாசித்தபின் எதிர்பார்க்கப்படும் பதில் இரண்டில் ஒன்றுதான். சிங்களத்தில் அவை ‘வரதகரு’, ‘நிவரதிகரு’. தமிழில் ‘குற்றவாளி’, ‘சுற்றவாளி’. எந்த மொழியிலும் ஒரு சிறு முன்னொட்டோ முதலெழுத்தோதான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கிறது. ஹட்டனில் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக வேலை செய்த ஆண்டுகளில், அந்த ஓரெழுத்தைத் தவறவிட்டு வந்தவர்களையும், எழுத்துச் சரியாக விளங்கியிருந்தும் ‘ஒத்துக்கிட்டா தண்டத்தோட போயிரும்’ என்று யாரோ சொன்ன சொல்லை நம்பித் தலையாட்டி வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிற் பலர் எங்கள் மேசைக்கு வந்தது, வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டு, தம் பெயரில் ஒரு குற்றத் தீர்ப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான். அதற்குள் மிக எளிதான வழி அடைபட்டிருக்கும்.

அந்த எளிதான வழி எது, அது எப்போது அடைபடுகிறது, அடைபட்டபின் எஞ்சியிருக்கும் கடினமான வழிகள் எவை என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இது சட்டத்தரணியின் ஆலோசனைக்கு மாற்றாகாது; ஆனால், சட்டத்தரணியிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதற்படி: தண்டனை விதிக்கப்பட்டுவிட்டதா என்று பார்த்தல்

முழு விடயமும் இந்த ஒரு கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. குற்றத் தீர்ப்பு வேறு, தண்டனை வேறு. ‘நீர் குற்றவாளி’ என்று நீதவான் பதிவது குற்றத் தீர்ப்பு. ‘இவ்வளவு தண்டப்பணம்’ அல்லது ‘இத்தனை மாதம் சிறை’ என்று கட்டளையிடுவது தண்டனை. நம் பேச்சில் இரண்டையும் சேர்த்து ‘தீர்ப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளியை வைத்திருக்கிறது.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 182 ஆம் பிரிவின்படி நீதவான் குற்றச்சாட்டை வகுத்து, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வாசித்துக் காட்டி, தாம் ஏன் குற்றவாளியாகத் தீர்க்கப்படக் கூடாது என்பதற்குக் காரணம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். எதிரி எந்த நிபந்தனையுமின்றிக் குற்றத்தை ஏற்றுக்கொண்டால், 183 ஆம் பிரிவின்படி அவர் சொன்னதை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே பதிவுசெய்து, குற்றத் தீர்ப்பளித்துத் தண்டனை விதிக்கலாம். அந்தப் பிரிவோடு சேர்ந்தே ஒரு காப்பு வாசகம் இருக்கிறது: தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்பு எந்த நேரத்திலும், நீதவானின் அனுமதியுடன், எதிரி தமது குற்ற ஏற்பைத் திரும்பப் பெறலாம், அப்படிப் பெற்றால், குற்றத் தீர்ப்பே பதியப்படாதது போல வழக்கு விசாரணைக்குச் செல்லும். ஆகவே குற்றத் தீர்ப்புக்குப் பின்னரும் வழி திறந்தே இருக்கிறது. தண்டனை வாசிக்கப்பட்டதும் அது அடைபடுகிறது; அந்த வழக்கில் நீதவானின் அதிகாரமும் அத்தோடு முடிந்துவிடுகிறது.

நடைமுறையில் இந்த இடைவெளி பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். வழக்கு இலக்கம் கூப்பிடப்படும், குற்றச்சாட்டு வாசிக்கப்படும், எதிரி தலையாட்டுவார், தண்டப்பணம் அறிவிக்கப்படும், அடுத்த வழக்கு. எனினும் எல்லா வழக்கும் இப்படி ஓடுவதில்லை. கைரேகை அறிக்கை வரவேண்டும் என்றோ, முந்தைய குற்றங்களைப் பார்க்க வேண்டும் என்றோ, இழப்பீட்டைப் பேச வேண்டும் என்றோ தண்டனைக்கு வேறொரு தவணை கொடுக்கப்படுவது உண்டு. அப்படித் தவணை கொடுக்கப்பட்டிருந்தால், அந்தத் தவணைக்கு முதல் நாள் வரை உள்ள ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் பொன்னான நாள். கையில் இருக்கும் துண்டில் எழுதியிருப்பது விசாரணைத் தவணையா, தண்டனைத் தவணையா என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் அன்றைக்கே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் தண்டனைதான் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டதால் ‘வழக்கு தள்ளுபடி’ என்று லயத்துக்கே இனிப்புக் கொடுத்த குடும்பத்தை நான் அறிவேன்.

இரண்டாம் படி: திரும்பப் பெறுவதற்குத் தகுந்த காரணம் இருக்கிறதா

அனுமதி கொடுப்பது நீதவானின் தற்றுணிவு; அதாவது, அவருடைய முடிவுக்கு விடப்பட்டது. மனம் மாறிவிட்டது என்பது மட்டும் போதாது. எதிர்பார்த்ததைவிடத் தண்டப்பணம் கூடும் போலிருக்கிறது என்பது காரணமே ஆகாது. குற்ற ஏற்பு உண்மையான, விளங்கிச் சொன்ன, சுயவிருப்பமான ஏற்பு அல்ல என்று காட்டும் காரணமே தேவை.

மலையகத்தில் முதலாவதாக வருவது மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆகவே நுவரெலியாவிலும் கண்டியிலும் பதுளையிலும் வழக்கேடு சிங்களத்திலேயே எழுதப்படும். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையைத் தருகிறது. சட்டப்படி தாம் பெறக்கூடிய வழக்கேட்டின் பகுதியைத் தமது மொழியில் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பை ஏற்பாடு செய்வது அரசின் கடமை. அதற்காக எதிரி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டமும், நியாயமான விசாரணையின் ஒரு பகுதியாக மொழிபெயர்ப்பாளரின் உதவியையும், குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்படாதிருக்கும் உரிமையையும் ஏற்றிருக்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற பொலிஸ் உத்தியோகத்தரே அரைகுறைத் தமிழில் ‘ஆமான்னு சொல்லு’ என்று மொழிபெயர்த்தார் என்றால், அது மொழிபெயர்ப்பு ஆகாது.

இரண்டாவது, ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்கவில்லை என்ற காரணம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஏனென்றால் நம் மக்கள் பேசும் முறையே இந்தச் சிக்கலை உண்டாக்குகிறது. தோட்டத்து மரத்தை வெட்டி விறகு எடுத்ததாகக் களவுக் குற்றச்சாட்டு. நீதவான் கேட்கிறார். கொழுந்து பறிக்கும் அம்மா சொல்கிறார்: “ஆமாங்கய்யா, எடுத்தேங்க. காத்துக்கு விழுந்து கெடந்த கொப்புதாங்க. கங்காணி அய்யாதான் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாரு.” இந்தப் பதிலில் ‘எடுத்தேன்’ என்பது இருக்கிறது; ‘களவெடுத்தேன்’ என்பது இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 366 ஆம் பிரிவின்படி களவு என்பதற்கு நேர்மையற்ற எண்ணமும், உடைமையாளரின் சம்மதமின்மையும் வேண்டும். பொறுப்பானவர் எடுக்கச் சொன்னார் என்று நம்பி எடுத்தவர் தம் பதிலிலேயே எதிர்வாதத்தை வைத்துவிட்டார். இதைச் சுற்றவாளி என்ற பதிலாகக் கொண்டு விசாரணைக்கு நியமிப்பதே முறை. ஆனால் வழக்கேட்டில் பார்த்தால், ‘குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்பட்டது. குற்றவாளி என ஏற்கிறார்’ என்ற ஒரே வரி இருக்கும். அந்த அம்மா சொன்ன மூன்று வாக்கியங்களும் காற்றோடு போயிருக்கும். எதிரியின் சொற்களிலேயே பதிய வேண்டும் என்று 183 ஆம் பிரிவு வற்புறுத்துவதன் அருமை இப்படிப்பட்ட இடத்தில்தான் விளங்குகிறது.

மூன்றாவது, அச்சமும் வாக்குறுதியும். விளக்கமறியலில் இருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரே ஆசையில் ஏற்றுக்கொள்வார். வெளியில் இருப்பவர் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழந்து, மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் ஏறி வருவதை நினைத்து ஏற்றுக்கொள்வார். அலைச்சல் மட்டும் சட்டக் காரணம் ஆகாது. ஆனால் யாராவது குறிப்பிட்டு மிரட்டினார்கள், தண்டப்பணத்தோடு முடித்துத் தருகிறோம் என்று உறுதி சொன்னார்கள் என்றால், யார், எப்போது, எந்த இடத்தில், என்ன சொற்களில் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு: குற்றச்சாட்டுப் பத்திரத்தில் காட்டிய பிரிவுக்கும் சொன்ன சம்பவத்துக்கும் பொருத்தமில்லாமை, சட்டத்தரணி எதிரியைக் கேளாமலே ஏற்றமை, எதிரியின் உடல் அல்லது மன நிலை. இவை ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வேண்டும்.

இந்தப் படியில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குற்றம் உண்மையில் நடந்திருந்து, சாட்சியும் வலுவாக இருந்தால், திரும்பப் பெறுவது நன்மை தராது. விசாரணை முழுதாக நடந்து, முன்வந்து ஒப்புக்கொண்டமைக்காகக் கிடைத்திருக்கக்கூடிய சலுகையும் போய், இன்னும் கடுமையான தண்டனை வரலாம். அப்படிப்பட்டவர் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவைப் பற்றித் தம் சட்டத்தரணியிடம் கேட்பது மேல். வயது, நன்னடத்தை, குற்றத்தின் சிறுமை முதலியவற்றைப் பார்த்து, தகுந்த வழக்குகளில் குற்றத் தீர்ப்பைப் பதியாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் இருக்கிறது. படிப்பிலோ வேலை தேடுவதிலோ இருக்கும் இளையவர்களுக்கு இதுவே பல நேரங்களில் நல்ல வழி.

மூன்றாம் படி: தண்டனைக்கு முன் விண்ணப்பம் செய்தல்

சட்டத்தரணி இருந்தால், அவர் மோஷன் பத்திரம் எனும் எழுத்து விண்ணப்பத்தின் மூலம் வழக்கை முற்கூட்டியே அழைப்பித்து விண்ணப்பிக்கலாம். தண்டனைத் தவணையன்று வழக்கு கூப்பிடப்பட்டதும் எழுந்து சொல்லலாம். இரண்டிலும் எதிரியின் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையொப்பமிட்ட எழுத்து வாக்குமூலம்) ஒன்றை இணைப்பது வலுச் சேர்க்கும்.

சட்டத்தரணி இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. கூண்டில் நின்றபடியே, தமிழில், உரத்துச் சொல்லுங்கள்: “ஐயா, எனக்குச் சிங்களம் தெரியாது. குற்றச்சாட்டு எனக்கு விளங்கவில்லை. நான் குற்றவாளி என்று சொன்னதைத் திரும்பப் பெற அனுமதி கேட்கிறேன். தமிழில் வாசித்துக் காட்டும்படியும், சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ளத் தவணை தரும்படியும் கேட்கிறேன்.” பெண் நீதவானாக இருந்தால் ‘அம்மா’ என்று சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லும்வரை கூண்டைவிட்டு இறங்காதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டாலும், விண்ணப்பம் செய்யப்பட்டது என்பதும் அது மறுக்கப்பட்டது என்பதும் வழக்கேட்டில் பதியப்பட வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். பின்னால் மேல் நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்த ஒரு வரி உங்களுக்குப் பெருந்துணை.

பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்ற வளாகங்களை ஒட்டியே இருக்கின்றன. போகும்போது தேசிய அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளத் துண்டு, கிராம சேவகரின் கடிதம், நீதிமன்றம் தந்த எல்லாத் துண்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: வழக்கேட்டின் பிரதியைப் பெறுதல்

தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது என்றால் இனி எல்லாம் எழுத்தில்தான். முதல் வேலை, நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் முழு வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பிப்பது. ‘தீர்ப்பு மட்டும் போதும்’ என்று சொல்லிவிடாதீர்கள். பொலிஸ் அறிக்கை, குற்றச்சாட்டுப் பத்திரம், நாட்குறிப்புகள், குற்ற ஏற்பு பதியப்பட்ட பக்கம், தண்டனைக் கட்டளை அனைத்தும் வேண்டும். விண்ணப்பித்த திகதி தெரியும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிரதி தாமதமானால், அந்தத் தாமதம் உங்களுடையதல்ல என்பதற்கு அதுவே சாட்சி. தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் அதே உறையில் வையுங்கள்.

பிரதி கைக்கு வந்ததும், குற்ற ஏற்புப் பக்கத்தைச் சிங்களம் தெரிந்த நம்பகமான ஒருவரோடு வரிவரியாக வாசியுங்கள். சட்டத்தரணி இருந்தார் என்று எழுதியிருக்கிறதா? மொழிபெயர்ப்பாளரின் பெயர் அல்லது கையொப்பம் இருக்கிறதா? எந்த மொழியில் விளக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? எதிரியின் சொற்கள் இருக்கின்றனவா, அல்லது எல்லா வழக்குக்கும் பொதுவான ஒரு முத்திரை வாசகம் மட்டுமா? அங்கே எழுதப்படாமல் விடப்பட்டதுதான் பல நேரங்களில் உங்கள் முழு வழக்கும்.

பெயரையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஒன்று, தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) ஒன்று, வழக்கேட்டில் இன்னொன்று என்று மூன்று விதமான எழுத்துக்கூட்டு இருப்பது நம்மிடையே வழக்கம். மூன்றும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசியில் முதற்பந்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: மேன்முறையீடா, மீளாய்வா

மேன்முறையீட்டு மனுவை, தீர்ப்பு அல்லது கட்டளை வழங்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள், அதே நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் தாமே குற்றத்தை ஏற்ற வழக்குகளில் மேன்முறையீட்டு உரிமை மிகவும் சுருங்கியது. தண்டனை சட்டத்துக்கு முரணானது என்பது போன்ற சட்ட விடயங்களுக்கே அது பெரிதும் உதவும். இந்த 14 நாட்களுக்குள் சட்டத்தரணியைக் கண்டு, மேன்முறையீடும் செய்ய இடமுண்டா என்று கேட்டுவிடுங்கள். சிறையில் இருப்பவருக்காக, அவருடைய உறவினர் அன்றைக்கே சட்டத்தரணியைக் காண வேண்டும். பதுளைச் சிறையிலோ பல்லேகலைத் தும்பறைச் சிறையிலோ இருப்பவர், தாம் மேன்முறையீடு செய்ய விரும்புவதைச் சிறை அதிகாரியிடமும் உடனே சொல்லிவைக்க வேண்டும்.

உண்மையில் குற்ற ஏற்பை உடைக்கும் வழி மீளாய்வு மனுதான்; கீழ் நீதிமன்றம் செய்ததை மேலே உள்ள நீதிமன்றம் எடுத்துப் பார்த்துத் திருத்தும்படி கேட்பது அது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த 154P உறுப்புரையின்படி, மாகாணத்துக்குள் இருக்கும் நீதவான் நீதிமன்றங்களின் குற்றத் தீர்ப்புகளையும் தண்டனைகளையும் கட்டளைகளையும் மீளாய்வு செய்யும் அதிகாரம் அந்த மாகாண மேல் நீதிமன்றத்துக்கு உண்டு. ஹட்டன், நுவரெலியா, கண்டி, மாத்தளை வழக்குகள் மத்திய மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், பதுளை, பண்டாரவளை, வெலிமடை வழக்குகள் ஊவா மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், இரத்தினபுரி, கேகாலை வழக்குகள் சப்ரகமுவ மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகும். கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரையின் கீழ் மீளாய்வு அதிகாரம் இருக்கிறது. ஆயினும் சிறு வழக்குக்காக மலையிலிருந்து கொழும்பு போவதைவிட மாகாணத்துக்குள்ளேயே தொடங்குவது செலவுக்கும் அலைச்சலுக்கும் ஏற்றது. மாகாண மேல் நீதிமன்றம் மீளாய்வில் தரும் இறுதிக் கட்டளையில் குறையிருந்தால், அதன்பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மீளாய்வுக்கு நாட்கணக்கில் எல்லை வகுக்கப்படவில்லை. ஆனால் அது உரிமையாகக் கேட்டுப் பெறுவதல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிவு. விதிவிலக்கான சூழ்நிலை ஒன்றைக் காட்ட வேண்டும். தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். நீதி தவறிவிட்டது என்று நீதிமன்றத்தை உணரவைக்க வேண்டும். எதிரிக்குப் பாதிப்பு உண்டாக்காத சிறு நடைமுறைப் பிழைகளுக்காகத் தீர்ப்புகள் கலைக்கப்படுவதில்லை. மொழிபெயர்ப்பாளரின் கையொப்பம் இல்லை என்று மட்டும் எழுதினால் போதாது. கையொப்பம் இல்லை, அதனால் எனக்கு எதுவும் விளங்கவில்லை, விளங்கியிருந்தால் இன்ன எதிர்வாதத்தை வைத்திருப்பேன் என்று மூன்றையும் கோத்து எழுத வேண்டும்.

மேல் நீதிமன்றத்திலேயே குற்றப்பகர்வுப் பத்திரத்தின் (மேல் நீதிமன்றத்தில் கொடுக்கப்படும் குற்றச்சாட்டுப் பத்திரத்தின்) பேரில் குற்றத்தை ஏற்றவர்களின் நிலை வேறு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 197 ஆம் பிரிவின்படி, எதிரி தம் ஏற்பின் விளைவைச் சரியாக விளங்கியிருக்கிறார் என்று நீதிபதி திருப்திப்பட வேண்டும். கொலைக் குற்றச்சாட்டில் அந்த ஏற்பை நீதிபதி ஏற்க மறுத்து விசாரணையை நடத்தலாம். அங்கிருந்து மேன்முறையீடு புதுக்கடைக்குத்தான். அதற்கும் கெடு 14 நாட்கள். இப்படிப்பட்ட பாரிய வழக்குகளை அனுபவமுள்ள குற்றவியல் சட்டத்தரணி இன்றித் தொடவே கூடாது.

ஆறாம் படி: சத்தியக்கடதாசியை எழுதுதல்

மனுவைச் சட்டத்தரணி எழுதுவார். ஆனால் சத்தியக்கடதாசியில் இருப்பது உங்கள் வாய்மொழி. அதன் உயிர் நீங்கள் தரும் விவரங்களில் இருக்கிறது. நான் எழுத உட்காரும்போது கேட்கும் கேள்விகளை அப்படியே தருகிறேன். எதுவரை படித்தீர்கள்? சிங்களம் பேச, வாசிக்க எவ்வளவு தெரியும்? அன்று நீதிமன்றத்துக்கு யாரோடு போனீர்கள்? கூண்டில் ஏறுமுன் யார் உங்களோடு பேசினார்கள், என்ன சொன்னார்கள்? நீதவான் கேட்டபோது உங்கள் வாயிலிருந்து வந்த சொல் என்ன? அதை யார் மொழிபெயர்த்தார்? தண்டனை என்ன என்பது எப்போது, யார் மூலம் உங்களுக்கு விளங்கியது? சம்பவத்தன்று உண்மையில் நடந்தது என்ன, அதைப் பார்த்தவர்கள் யார்? விளங்கிய நாளிலிருந்து இன்றுவரை என்ன செய்தீர்கள்?

கடைசிக் கேள்விக்குத் திகதியோடு பதில் வேண்டும். ‘சட்டம் தெரியாததால் தாமதித்தேன்’ என்ற வரி பலனளிப்பதில்லை. இன்ன நாளில் பிரதிக்கு விண்ணப்பித்தேன், இன்ன நாளில் கிடைத்தது, சட்டத்தரணியின் கட்டணத்துக்காக இன்ன மாதம் வரை சேமித்தேன், அதற்கிடையில் பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று எழுதினால் நீதிமன்றம் காது கொடுக்கும்.

பொய் கலக்க வேண்டாம். சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவர் ‘ஒரு சொல்லும் தெரியாது’ என்று சத்தியம் செய்தால், ஒரே குறுக்குக் கேள்வியில் மனு முழுதும் சரிந்துவிடும். ‘கடையில், பஸ்ஸில் பேசுமளவுக்குத் தெரியும், நீதிமன்றத்தில் வாசித்த மொழி விளங்கவில்லை’ என்ற உண்மைக்கு அதைவிடப் பலம் அதிகம்.

சத்தியக்கடதாசியைத் தமிழிலேயே எழுதலாம். எந்த நீதிமன்றத்திலும் தமிழில் மனுவும் பத்திரங்களும் தாக்கல் செய்யும் உரிமையை அதே 24 ஆம் உறுப்புரை தருகிறது. வேறு மொழியில் எழுதப்பட்டால், சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் தமிழில் வாசித்து விளக்கப்பட்டு, விளங்கியபின் கையொப்பமிட்டார் என்ற குறிப்பு அடியில் கட்டாயம் இருக்க வேண்டும். குற்றச்சாட்டு விளங்கவில்லை என்று முறையிடும் மனுவே, விளங்காத மொழியில் கையொப்பமிட்டதாக இருந்துவிடக் கூடாது.

மனுவின் வேண்டுதலில் குற்றத் தீர்ப்பையும் தண்டனையையும் இரத்துச்செய்யுமாறும், வழக்கை நீதவான் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பிப் புதிதாக விசாரிக்குமாறும், அதுவரை தண்டனையை நிறைவேற்றுவதை இடைநிறுத்துமாறும் கேட்க வேண்டும். சிறையில் இருப்பவருக்குப் பிணையும் கேட்கலாம். இடைநிறுத்தக் கட்டளை கிடைக்கும்வரை, தண்டப்பணத்தின் அடுத்த தவணையைக் கட்டாமல் விடாதீர்கள். கட்டத் தவறினால் அதற்குப் பதிலான சிறைவாசம் நடைமுறைக்கு வந்துவிடும்.

ஏழாம் படி: வழக்கு திரும்பி வந்தபின்

மேல் நீதிமன்றம் மனுவை ஏற்றால், வழக்கேடு மறுபடி கீழே வரும். அதன் திகதிக்கான அறிவித்தல் வரும் என்று லயத்தில் காத்திருக்க வேண்டாம். தோட்டத்து ஒப்பீசுக்கு வரும் தபால்கள் கைக்கு வந்து சேராத கதை நமக்குத் தெரிந்ததே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். அழைக்கப்பட்ட நாளில் வராமல் போனால் பிடியாணை பிறக்கும்.

அந்த நாளில் குற்றச்சாட்டு மீண்டும் வாசிக்கப்படும். தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள்; முடியும்வரை கேளுங்கள்; விளங்காத சொல்லை இன்னொரு தடவை கேட்கத் தயங்காதீர்கள். பதில் சொல்லும்போது தலையை ஆட்டாமல், ‘சுற்றவாளி’ என்று முதலெழுத்து தெளிவாகக் கேட்கும்படி சொல்லுங்கள். சட்டத்தரணியிடம் கொடுப்பதற்கு, கொப்பை எடுக்கச் சொன்ன கங்காணியின் பெயரும், அன்று அதே மலையில் வேலை செய்தவர்களின் பெயரும் ஒரு தாளில் எழுதி உங்கள் பையில் இருக்கட்டும்.